பரோட்டா போர்டும் பிரஷ் எழுத்தும்

கேள்வி: அண்ணே, மதுரைல புதுசா பரோட்டா கடை போடுறோம். ஓரமெல்லாம் பிசிறு பிசிறா, பிரஷ்ஷால இழுத்து எழுதின மாதிரி ஃபான்ட்தான் வேணும்னு என் தம்பி ஒத்தக்கால்ல நிக்கிறான். போர்டு, மெனு கார்டு ரெண்டுக்கும் அதையே போடலாமா?

பதில்: போர்டுக்கு தாராளமா போடுங்க, மெனு கார்டுக்கு வேண்டவே வேண்டாம். அந்த எழுத்தோட அழகே பெயிண்ட் தீருற நேரத்துல பிரஷ் முடி பிரிஞ்சு நடுவுல விடுற வெள்ளைக் கீறல்தான், கோடு ஆரம்பிக்கிற இடத்துல கெட்டியா இருக்கும், முடியிற இடத்துல காஞ்சு இழுபடும், பார்த்ததுமே ஒரு கை வேகமா போயிருக்குன்னு தெரியும். ஒரு அடி உயரத்துல அது கம்பீரம். அதையே 10 பாயிண்ட்டுக்கு சுருக்கினா கீறலெல்லாம் அடைஞ்சு அச்சு அழுக்கான மாதிரி ஆயிடும். மெனுவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி சாதா எழுத்து போதும், விலையை ஜனங்க கண்ணைச் சுருக்காம படிக்கணும்ல.

போர்டுலயும் ரெண்டு விஷயம் கவனிங்க. முதல்ல புள்ளி. இந்த மாதிரி ஃபான்ட்ல சுத்தி பெயிண்ட் தெறிச்ச மாதிரி துளி இருக்கும், அதுல எது தெறிச்சது, எது 'ட்' மேல வைக்கிற புள்ளின்னு தெரியலன்னா உங்க கடை 'பரோடடா' ஆயிடும். அதனால புள்ளியை கொஞ்சம் பெருசாக்கி, சுத்தி இருக்கிற துளியை அழிச்சிடச் சொல்லுங்க. அடுத்தது, 'ட்டா'ல ரெண்டு ட பக்கத்துல பக்கத்துல வருது, ரெண்டுலயும் அதே இடத்துல அதே பிசிறு இருந்தா கையெழுத்துங்கிற நம்பிக்கையே போயிடும், கம்ப்யூட்டர்ல தட்டினதுன்னு காட்டிக் கொடுத்துடும். டிசைனர்கிட்ட சொல்லி எழுத்தை அவுட்லைனா மாத்தி ஒரு ட-வோட ஓரத்தை மட்டும் வேற மாதிரி ஆக்கச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேலைதான்.

கேள்வி: இங்கிலீஷ் பேருக்கு என்ன ஃபான்ட் போடலாம்?

பதில்: எனக்கு ரொம்பப் பிடிச்சது ரோஜர் எக்ஸ்கோஃபோன்ங்கிற பிரெஞ்சு ஃபான்ட் டிசைனர் வரைஞ்ச 'ஷோக்'. பிரான்ஸ்ல மார்செய் நகரத்துல அச்செழுத்து வார்த்த 'ஒலிவ்' கம்பெனி 1955-ல வெளியிட்டது, கட்டை பிரஷ்ஷால அழுத்தி இழுத்த மாதிரி தடியா இருக்கும். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1953-ல அவரோட கையெழுத்தை வெச்சே 'மிஸ்ட்ரல்' வந்துச்சு. அப்பல்லாம் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி ஈயத்துண்டு, ஆனாலும் வரிசையா கோர்த்தா ஒரே இழுப்புல எழுதின மாதிரி சேர்ந்து நிக்கும், அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் ஆச்சரியமா இருக்கு. மிஸ்ட்ரலை முழுக்க கேப்பிட்டல்ல மட்டும் போட்டுடாதீங்க, எழுத்தெல்லாம் ஒட்டாம தனித்தனியா நிக்கும்.

இன்னொன்னு, உங்க ஏரியால போர்டு எழுதுற ஆர்ட்டிஸ்ட் யாராவது இருந்தா ஃபான்ட் தேடுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட போங்க. கூலி கொடுத்து கடை பேரை நாலஞ்சு தடவை பெரிய தாள்ல எழுதி வாங்கி, நல்லா வந்ததை ஸ்கேன் பண்ணி போர்டுல போடுங்க.