ஐம்பது ரூபாய்ச் சட்டம் என்று திருப்பி அனுப்பினால்?

கேள்வி: திருச்சியில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒரு நாயை இரும்புச் சங்கிலியில் கட்டிப்போட்டு ஐந்து மாதமாகிறது. அவிழ்த்துவிட்டு நான் பார்த்ததே இல்லை. சங்கிலி இரண்டு முழம் இருந்தால் அதிகம். மத்தியானத்தில் தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடக்கிறது. கழுத்துப் பட்டை உரசிப் புண்ணாகி ஈ மொய்க்கிறது. இரவில் ஊளையிட்டால் குழாயால் அடிக்கிறார். கேட்டால் "என் வீடு, என் நாய்" என்கிறார். காவல் நிலையத்துக்குப் போனேன். "ஐம்பது ரூபாய் அபராதம் கட்டிவிட்டு வந்துவிடுவார், உங்களுக்குப் பகைதான் மிச்சம்" என்று ஏட்டு அனுப்பிவிட்டார். உண்மையிலேயே அவ்வளவுதானா? அவர் ஊரில் இல்லாத நாளில் நானே ஏறி அவிழ்த்துவிட்டால் என்ன?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏறாதீர்கள். சட்டத்தின் கண்ணில் நாய் அசையும் சொத்து. அதைக் கொண்டுபோனால் திருட்டு, அவர் மாடியில் கால் வைத்தால் அத்துமீறல். புகார்தாரராக இருக்க வேண்டிய நீங்கள் எதிரிக் கூண்டில் நிற்பீர்கள்; நாய் சான்றுப்பொருளாகி மறுபடியும் அவரிடமே போய்ச் சேரும்.

ஏட்டு சொன்ன தொகை பொய் இல்லை. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் முதல் முறைக்குப் பத்து முதல் ஐம்பது ரூபாய் வரைதான் அபராதம். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் இருபத்தைந்து முதல் நூறு ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் விளைவாகப் பிறந்த சட்டம் இது. அன்று ஐம்பது ரூபாய் உறைத்தது. 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்தத் தண்டனைகள் போதாது, நாடாளுமன்றம் திருத்த வேண்டும் என்று சொன்னது.

ஆனால் ஏட்டு அபராதத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டார். உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு வலிக்கப்போவது அதற்குப் பின்னால் வரும் பிரிவுகளில்தான்.

34-வது பிரிவைப் பாருங்கள். இந்தச் சட்டப்படி ஒரு குற்றம் நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட எந்தக் காவல் அதிகாரியும் அந்த விலங்கைக் கைப்பற்றி, அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டிடமோ கால்நடை மருத்துவரிடமோ பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். உங்களைத் திருப்பி அனுப்பிய ஏட்டுக்கே அந்த அதிகாரம் இருக்கிறது. அடுத்து 35. கைப்பற்றிய விலங்கைச் சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் காப்பகத்துக்கு அனுப்ப மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். கொண்டுபோன வண்டிச் செலவு, மருந்து, தீனி எல்லாம் உரிமையாளர் தலையில். கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். வழக்கு நம் நீதிமன்றங்களில் எந்த வேகத்தில் நகரும் என்று உங்களுக்குத் தெரியும். வாய்தாவுக்கு வாய்தா தீனிக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். ஐம்பது ரூபாய் எங்கோ மறைந்துவிடும்.

தண்டனை உறுதியானால் 29-வது பிரிவும் உண்டு. திருப்பிக் கொடுத்தால் மறுபடியும் வதைபடும் என்பதற்குச் சாட்சியம் இருந்தால் நாயை அரசுடைமையாக்கலாம். அந்த நபர் இனி எந்த விலங்கையும் வைத்திருக்கக் கூடாது என்றும் உத்தரவிடலாம். "என் நாய்" என்ற வாதம் அங்கே முடிகிறது.

உங்கள் கடிதத்தில் உள்ளவை 11-வது பிரிவுக்குள் அப்படியே பொருந்துகின்றன: அடிப்பது, நியாயமற்ற அளவு குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவது, போதிய தண்ணீரும் நிழலும் தராதது. எப்போதும் கட்டிப்போட்டிருக்கும் நாயை நடமாடவிடாமல் இருப்பது தனிக் குற்றம். நாய்க்கென்றே எழுதிய வரி அது.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இவை போலீஸார் நேரடியாக வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய குற்றங்கள் அல்ல. கொடூரமாகக் கொல்வது, உறுப்பைச் சிதைப்பது, சண்டைக்கு விடுவது போன்ற சிலவற்றுக்குத்தான் அந்த வழி. மற்றவற்றில் புகாரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, உங்களை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்வார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆகவே வாய்மொழியாகப் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். எழுத்தில் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். அதை வைத்து, விசாரணைக்கு உத்தரவிடக் கோரி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடலாம். அதே சன்ஹிதாவின் 223-வது பிரிவின்படி தனிப் புகாராகவும் தாக்கல் செய்யலாம்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவைப் போடச் சொல்லிச் சிலர் யோசனை சொல்வார்கள். விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, முடமாக்குவது ஆகியவற்றுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை தரும் பிரிவு அது. போலீஸார் நேரடியாகவே பதியலாம். தெருநாய்க்கு யாராவது விஷம் வைத்தால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் அது பிறருக்கு நட்டம் விளைவிப்பதைச் சுற்றி எழுதப்பட்ட பிரிவு. சொந்த நாயின் கழுத்துப் புண்ணுக்கு அதைக் கொண்டுவந்தால் இழுபறிதான். நான் அதில் காலத்தைச் செலவிட மாட்டேன்.

காலம் என்றதும் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 36-வது பிரிவு. குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். கட்டிவைத்திருப்பது தினமும் தொடரும் குற்றம் என்று வாதிட இடம் இருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். அடித்த தேதி ஒவ்வொன்றுக்கும் கடிகாரம் தனியே ஓடுகிறது.

வீடியோவை உங்கள் மாடியிலிருந்தே எடுங்கள். அவர் வீட்டு மனிதர்கள் யாரும் அதில் வர வேண்டாம். சட்டி காய்ந்திருப்பது, சங்கிலியின் நீளம், கழுத்துப் புண் ஆகியவை வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில் பதிவாகட்டும். எடுத்த கைப்பேசியை விற்றுவிடாதீர்கள். நீதிமன்றத்தில் வீடியோவோடு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றும் கொடுக்க வேண்டியிருக்கும்.

மனுவில் "மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 34-வது பிரிவின்படி நாயைக் கைப்பற்றிக் கால்நடை மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டுகிறேன்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். தண்டிக்கக் கேட்பதைவிட அது முக்கியம். நகலை மாவட்ட மிருகவதைத் தடுப்புச் சங்கத்துக்கும் ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கிடையில் ஒரு வாளித் தண்ணீர் வைக்கலாமா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். சரி என்றால் வையுங்கள். முடியாது என்றால் அவர் சொன்ன வார்த்தையைத் தேதி, நேரத்தோடு எழுதி மனுவில் சேருங்கள்.