ஆங்கிலத்தில் கதை எழுதும்போது எந்த டென்ஸ்? – கேள்வி பதில்

ஆங்கிலத்தில் சிறுகதையும் நாவலும் எழுதிப் பழகும் நம்மவர்கள் கேட்ட கேள்விகளில் டென்ஸ் பற்றியவற்றை மட்டும் எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. அதனால் இவற்றில் பல நான் தினமும் பார்க்கும் சிக்கல்கள்தான்.

கேள்வி: அக்கா, முதல் நாவலைத் தொடங்கப் போகிறேன். பாஸ்ட் டென்ஸா, பிரசென்ட் டென்ஸா?

பதில்: அதற்கு முன்னால் கதை சொல்பவர் எங்கே நிற்கிறார் என்று முடிவு செய்யுங்கள். எல்லாம் நடந்து முடிந்த பிறகு திரும்பிப் பார்த்துச் சொல்கிறாரா? அப்படியென்றால் பாஸ்ட். ‘அன்று அந்தப் பேருந்தைத் தவறவிட்டதுதான் பின்னால் அவளைக் காப்பாற்றியது’ என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்கும் உரிமை அவருக்கு உண்டு. பிரசென்டில் சொல்பவர் பாத்திரத்தோடு கூடவே நடக்கிறார், அடுத்த நிமிடம் அவருக்கும் தெரியாது. பதற்றத்துக்கு அது நன்றாக உதவும். ஆனால் மூன்று வருடத்தை ஒரே பத்தியில் கடக்க நினைத்தால் திணறும். முதல் நாவல் என்பதால் பாஸ்டில் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: பிரசென்ட் டென்ஸ் நாவல் சமீபத்திய ஃபேஷன் என்கிறார்களே?

பதில்: இல்லை. 1852-53இல் தொடராக வந்த டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ நாவலுக்கு இரண்டு கதைசொல்லிகள். ஒருவர் முழுக்கப் பிரசென்டில் சொல்கிறார், எஸ்தர் என்ற பெண் பாஸ்டில் சொல்கிறாள். 2009இல் புக்கர் பரிசு வாங்கிய ஹிலரி மான்டெலின் ‘உல்ஃப் ஹால்’, 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பிரசென்டில் சொல்கிறது. அதன் நாயகன், எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல். கடைசியில் அவர் தலை வெட்டப்படும் என்று வரலாறு படித்த நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையை நாமும் உணரப் பிரசென்ட் உதவுகிறது. இப்படி ஒரு காரணம் உங்கள் கதையிலும் இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.

கேள்வி: வரிக்கு வரி ‘ஹேட்’ வருகிறது என்று ஒரு பத்திரிகை என் கதையைத் திருப்பி அனுப்பிவிட்டது. பிளாஷ்பேக்கை வேறு எப்படி எழுதுவது?

பதில்: நம் ஊர்க்காரர்களிடம் அடிக்கடி பார்ப்பது இது. ஒரு காரணம் தமிழ். ‘போய்விட்டான்’, ‘வந்திருந்தாள்’ என்று மனதில் ஓடுவதைக் கை ‘ஹேட் கான்’, ‘ஹேட் கம்’ என்று எழுதிவிடுகிறது. ஆனால் ‘அவன் போய்விட்டான்’ என்பதற்குப் பெரும்பாலான இடங்களில் வெறும் ‘ஹீ லெஃப்ட்’ போதும். கதை நிற்கும் இடத்திலிருந்து ஒரு படி பின்னால் போகும்போது மட்டும்தான் ‘ஹேட்’ வேண்டும்.

பிளாஷ்பேக்கில் அது வாசல்படி மாதிரி. உள்ளே போகும்போது ஒன்றிரண்டு தடவை மிதித்தால் போதும். ‘ஹிஸ் ஃபாதர் ஹேட் ஸோல்ட் த ஷாப் இன் 1998’ என்று தொடங்குங்கள். அடுத்த வரியிலிருந்து சாதாரண பாஸ்டுக்கு வந்துவிடுங்கள்: ‘ஹீ கேவ் த கீஸ் டு எ நெய்பர் அண்ட் வாக்ட் ஹோம்.’ 1998இல் இருக்கிறோம் என்று வாசகருக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வரும்போது ‘நவ்’ என்று ஒரு சொல், அல்லது பிளாஷ்பேக்குக்கு முன் இருந்த காட்சியில் விட்டுவந்த ஒரு பொருள், உதாரணமாக அவன் கையில் ஆறிப்போன டீ, போதும்.

கேள்வி: ‘தாத்தா தினமும் கோயிலுக்குப் போவார்’ என்பதை ‘கிராண்ட்ஃபாதர் வில் கோ’ என்று எழுதியது தவறு என்கிறார்கள். ஏன்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தமிழில் ‘போவார்’ எதிர்காலத்துக்கும் வரும், வழக்கமாகச் செய்வதற்கும் வரும். தாத்தா இறந்து இருபது வருடம் ஆனாலும் ‘போவார்’ என்றுதான் சொல்கிறோம், கேட்பவர் குழம்புவதில்லை. ஆங்கில ‘வில்’லுக்குக் கடந்தகாலத்தில் அந்த வேலை கிடையாது, ‘வுட் கோ’ என்று வர வேண்டும். முதலில் ‘யூஸ்ட் டு’ போட்டுக் காலத்தை நிறுத்திவிட்டு, பிறகு ‘வுட்’டில் தொடர்ந்தால் அழகாக இருக்கும். ஆனால் நிலையைச் சொல்ல ‘வுட்’ உதவாது. தாத்தாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது என்றால் ‘யூஸ்ட் டு ஹேவ்’ அல்லது வெறும் ‘ஹேட்’தான்.

அதே பழக்கத்தில் ‘தெரிந்துகொண்டிருந்தது’ என்ற நினைப்பில் ‘வாஸ் நோயிங்’ என்றும் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: ஒரு நாவலில் ‘டுமாரோ வாஸ் மண்டே’ என்று படித்தேன். அச்சுப்பிழையா?

பதில்: பிழையே இல்லை. கதை பாஸ்டில் போகிறது, ஆனால் எண்ணம் பாத்திரத்துடையது. அவளுக்கு நாளை நாளைதான். தமிழில் ‘நாளை திங்கள். புடவைக்கு இன்னும் இஸ்திரி போடவில்லை’ என்று அவள் நினைப்பை அப்படியே வைத்துவிடுவோம். ஆங்கிலம் ‘டுமாரோ’வை அவளுக்கே விட்டுவிட்டு வினையை மட்டும் பாஸ்டுக்குக் கொண்டுபோகும். ‘அவள் நினைத்தாள்’ என்று சொல்லாமலே மனதுக்குள் நுழைய இது அருமையான வழி. பள்ளியில் படித்த ரிப்போர்ட்டட் ஸ்பீச் விதியை வைத்து இதை ‘த நெக்ஸ்ட் டே’ என்று மாற்றினால் அவள் குரல் போய்விடும்.

கேள்வி: வைகை இன்றும் மதுரை வழியாகத்தான் போகிறது. பாஸ்ட் டென்ஸ் கதையில் ‘ரன்ஸ்’ என்று எழுதலாமா?

பதில்: இன்று உட்கார்ந்து பழைய கதை சொல்லும் ‘நான்’ என்றால் எழுதலாம். மற்றபடி ‘ரேன்’ என்றே எழுதுங்கள். ஆறு வற்றிவிட்டதோ என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: உரையாடலில்?

பதில்: பாத்திரம் எப்படிப் பேசுமோ அப்படி. கதையின் டென்ஸ் அதைக் கட்டுப்படுத்தாது.

கேள்வி: பதிப்பகத்துக்கு அனுப்பும் கதைச்சுருக்கம்?

பதில்: நாவல் பாஸ்டில் இருந்தாலும் சுருக்கம் பிரசென்டில்தான். அதுதான் வழக்கம்.

கேள்வி: எழுதும் வேகத்தில் பாஸ்டும் பிரசென்டும் கலந்துவிடுகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எழுதும்போது கவலைப்படாதீர்கள், வேகம் போய்விடும். முடித்த பிறகு ஒரு தாளில் அச்செடுத்து, வினைச்சொற்களை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். அவற்றை மட்டும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனால் தடம் மாறும் இடம் காதுக்கே தெரியும். அநேகமாக சண்டை, விபத்து, அழுகை வரும் பத்தியில்தான் மாறியிருக்கும். உணர்ச்சி ஏறும்போது நாம் அறியாமலே பிரசென்டுக்குப் போய்விடுகிறோம். அந்த இடங்களை முதலில் பாருங்கள்.