சைவம் மட்டுமே சாப்பிடும் அம்மாவை வியட்நாமுக்கு அழைத்துப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். "எதில் எதைப் போட்டிருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நாய்க்கறி, பாம்புக்கறி என்று யாரோ அம்மாவைக் கலக்கிவிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்தது எதிர்வீட்டு அத்தை.

எங்களுக்குப் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கிருந்து வியட்நாமின் சைகோனுக்கு (இன்றைய ஹோ சி மின் நகரம்) வேலைக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. அப்படிப்பட்ட ஊரிலேயே இந்தப் பயம். அம்மா புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல், ஒரு குட்டி ரைஸ் குக்கர் எல்லாம் கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறினார்.

முதல் இரண்டு நாள் ஹோட்டல் அறையில் பொங்கிய சோறுதான். மூன்றாம் நாள் அமாவாசை. சைகோனில் 'பென் தான்' என்ற சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். கும்பிட வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வியட்நாமியர்கள். ஒரு பெண் கருவறைச் சுவரில் நெற்றியை வைத்து, ரொம்ப நேரம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. கறி வேண்டாம் என்று அம்மா கையை ஆட்டிக் காட்டினார். கடைக்கார அம்மாவுக்கும் அவர் வயதுதான் இருக்கும். சுவரில் நம்மூர் போலவே தாள் கிழிக்கிற தினசரி காலண்டர். பெரிய எண்ணுக்குக் கீழே சின்னதாக 1 என்று இருந்தது. அவர்கள் கணக்கில் அமாவாசையன்றுதான் மாதம் பிறக்கிறது. அதில் விரலை வைத்துக் காட்டி, இரண்டு கையையும் கூப்பி, "சாய், சாய்" என்றார். சாய் என்றால் சைவம். அமாவாசையும் பௌர்ணமியும் அங்கே நிறையப் பேர் கறி மீன் தொடுவதில்லை. தக்காளியில் வேகவைத்த டோஃபு, பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை, சோறு. அம்மா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார். "இவங்களும் அமாவாசை பாக்குறவங்கடி" என்றார். அப்புறம் குக்கரை வெளியே எடுக்கவே இல்லை.

எட்டு நாள் சுற்றியவள் ஒரு நாட்டுக்கே சான்றிதழ் தருகிறாள் என்று சொல்லாதீர்கள். நாய்க்கறி இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கிறது. தேடிப் போகாத எங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். கீரைப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள், அதனால் சாய் என்று போர்டு உள்ள கடையாகப் பாருங்கள். இருபதாயிரம் டாங், ஐந்து லட்சம் டாங் நோட்டுகள் இரண்டுமே நீலம், பார்த்துக் கொடுங்கள். ரோட்டோரம் போனை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள், பைக்கில் வந்து பறிப்பது உண்டு.

காதில் விழுந்ததை வைத்து ஓர் ஊரை எடைபோடுவதில் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்றால், நான் பாண்டிச்சேரிக்காரி. சென்னையில் எந்த ஆபீசில் ஊர்ப்பெயரைச் சொன்னாலும் "வரும்போது ரெண்டு பாட்டில்" என்பார்கள். அண்ணனுக்குப் பெண் கேட்டுப் போன வீட்டில் முதல் கேள்வியே "பையன் குடிப்பாரா?" என்பதுதான். எங்கள் அப்பா ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அன்று அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அமாவாசையோ பௌர்ணமியோ நடுவில் வருகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். குக்கரையும் எடுத்துப் போங்கள், அம்மாவுக்குத் தைரியமாக இருக்கும்.