விராலுக்குப் பொரிப்பகம் வேண்டுமா?

முல்லைத்தீவுப் பக்கத்துக் குளமொன்றின் நன்னீர் மீன்பிடிச் சங்கச் செயலாளர் கேட்கிறார்: "எங்கள் குளத்தில் விரால் வலையில் படுவதே அருமையாகிவிட்டது. எங்கு பார்த்தாலும் யப்பான் மீன் (திலாப்பியா)தான். அமெரிக்காவில் அழியவிருந்த சல்மன் மீனைப் பொரிப்பகம் வைத்து மீட்டார்களாம். சங்கத்தில் கொஞ்சம் பணம் இருக்கிறது. நாங்களும் விரால் குஞ்சு பொரிக்கவைத்து விட்டால் என்ன?"

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அந்தக் கதையை முழுதாகக் கேட்டுவிட்டுப் பணத்தில் கை வையுங்கள்.

ஐடஹோ மாநிலத்தில் ரெட்ஃபிஷ் என்றொரு மலை ஏரி. அங்கே பிறக்கும் சொக்காய் என்ற சல்மன் கடலுக்குப் போய் வளர்ந்து, ஏறத்தாழ 1,450 கிலோமீற்றர் ஆற்றை எதிர்த்து நீந்தி, பிறந்த ஏரிக்கே வந்து முட்டையிட்டுச் செத்துப்போகும். வழியில் எட்டு அணைகள். 1991இல் அது அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 1992இல் திரும்பி வந்தது ஒரேயொரு ஆண் மீன். 1991 தொடங்கி 1998 வரை வந்ததை எல்லாம் கூட்டினாலும் 16தான். அந்த மீன்களைத் தொட்டியில் வைத்து, விந்தை உறையவைத்துக் காப்பாற்றி, பெருக்கினார்கள். 2014இல் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் திரும்பி வந்தன. பொரிப்பகம் இல்லையென்றால் அந்த இனம் இன்றைக்கு இல்லை. ஆனால் அணைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அதனால் பொரிப்பகத்தை இன்றும் மூட முடியாமல் வருடாவருடம் நடத்துகிறார்கள்.

உங்கள் குளம் அந்த நிலையில் இல்லை. தாய் மீன் இன்னும் இருக்கிறது. அது ஏன் பெருகவில்லை என்பதை முதலில் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் குளம் ஏறும்போது விரால் ஆழத்தை விட்டுக் கரைப் புல்லுக்கும் வயலுக்கும் வரும். புல்லை ஒதுக்கி வட்டமாக இடம்பண்ணி முட்டையிடும். பொன்னிற முட்டைகள் மிதக்கும், ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். பிறகு ஒரு காலையில் குளக்கட்டில் நின்று பாருங்கள். செம்மஞ்சளாய் ஒரு குஞ்சுக் கூட்டம், உலையில் அரிசி கொதிப்பது போல நீர்மட்டத்தில் துடித்தபடி நகரும். அதன் கீழே காவலாகப் பெரிய மீன். தவளையைக் கொளுவிய தூண்டிலைக் கூட்டத்தின் நடுவே போட்டால் அது உடனே பாய்ந்து கவ்வும், குஞ்சைக் காக்க. சின்ன வயதில் நானும் அப்படிப் பிடித்திருக்கிறேன், இன்றைக்கும் மனம் உறுத்துகிறது. காவல் போன பிறகு அந்தக் கூட்டத்தில் மிஞ்சுவது எத்தனை? கொக்கும் மற்ற மீன்களும் பார்த்துக்கொண்டா இருக்கும்?

ஆகவே சங்கத்தில் முதலில் எடுக்கவேண்டிய தீர்மானம் இது: ஐப்பசி முதல் தை வரை குஞ்சுக் கூட்டத்தில் தூண்டில் போடக்கூடாது, கரைப் புல்லில் தங்கூசி (நைலோன் இழை) வலை கட்டக்கூடாது. வயலுக்கும் குளத்துக்கும் இடையே மீன் ஏறி இறங்கும் வாய்க்காலை மறித்துப் பறி வைப்பதையும் நிறுத்துங்கள். கோடையில் குளம் வற்றி மடுக்களாகச் சுருங்கும்போது ஒரு மடுவையாவது தொடாமல் விடுங்கள். விரால் மேலே வந்து காற்றை எடுத்து மூச்சு விடும் மீன். சேறு கலங்கிய தண்ணீரிலும் அடுத்த மாரிவரை தாக்குப்பிடிக்கும். மனிதன்தான் விடுவதில்லை.

இரண்டு மாரி இப்படிச் செய்தும் பெருகாவிட்டால் பொரிப்பகத்தைப் பற்றிப் பேசலாம். நன்னீர் மீன் வளர்ப்பைக் கவனிக்கும் அரச நிறுவனமான நக்டா, குளங்களில் விடுகிற கட்லா, ரோகு குஞ்சுகளை வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள். அந்த மீன்கள் நம் குளங்களில் தானாகப் பெருகாது, பிடித்து விற்கத்தான் விடுகிறார்கள், வருடந்தோறும் விடவேண்டும். உங்களுக்கு வேண்டியது தானே பெருகும் விரால்.

அதற்குத் தாய் மீன் உங்கள் குளத்திலிருந்தே வரவேண்டும், வெளியூர்க் குஞ்சு வேண்டாம். இரண்டு சோடியை வைத்து ஆயிரக்கணக்கில் குஞ்சு விட்டால் சில வருடத்தில் குளம் முழுக்க உடன்பிறப்புகள்தான். பல சோடி வேண்டும், ஒவ்வொரு வருடமும் குளத்திலிருந்து புதுச் சோடி. தொட்டியில் பிறந்ததையே திரும்பத் திரும்பத் தாயாக்குவது பெரிய பிழை. சல்மனின் நெருங்கிய உறவான ஸ்டீல்ஹெட் மீனை ஓரிகனின் ஹூட் ஆற்றில் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள்: தொட்டியில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் குஞ்சு பெருக்கும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறது. தொட்டிச் சோற்றுக்குப் பழகிய மீனுக்குக் கொக்கைத் தெரியாது. ஆகவே குஞ்சைச் சின்னதிலேயே விடுங்கள். விரால் குஞ்சு ஒன்றையொன்று தின்னும் என்பதால், வைத்திருக்கும் கொஞ்ச நாளும் பெரிதையும் சிறிதையும் பிரித்தே வைக்கவேண்டும்.

தண்ணீர் விஷயத்தை யாரும் நினைப்பதில்லை. அதே சொக்காய்க்காக 2013இல் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற இடத்தில் புதுப் பொரிப்பகம் திறந்தார்கள். குஞ்சு நன்றாக வளர்ந்தது, ஏரியோடையில் விட்டதும் பெருந்தொகையாகச் செத்தது. பொரிப்பக நீர் சுண்ணாம்பு கூடிய கடின நீர், ஓடை நீர் மென்மை. நடுத்தரமான நீரில் கொஞ்ச நாள் வைத்துப் பழக்கிய பிறகுதான் பிழைத்தது. நம் பக்கத்துக் குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்த கேத்திலின் அடியைத் தடவிப் பாருங்கள், வெள்ளையாகக் கையில் வரும். மாரியில் நிரம்பிய குளத்து நீர் அப்படியல்ல. தொட்டிக்குக் குளத்து நீரையே எடுங்கள். முடியாவிட்டால் நாலைந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள்.

சரி, இந்த மாரிக்குச் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. வாரம் ஒருநாள் காலையில், அதே கரையில் அதே தூரம் நடந்து, கண்ட குஞ்சுக் கூட்டங்களை எண்ணிக் கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். வலையில் படும் விராலின் நீளத்தையும் குறியுங்கள். அந்தக் கொப்பியோடு நக்டா அலுவலரிடம் போனால் பேச்சு வேறுமாதிரி இருக்கும். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இருந்து பார்ப்போம்.