ஓடைக்கு 50 அடி வீச்சு எதற்கு?

அன்புள்ள ஐயா,

நீலகிரி ஓடைகளின் ட்ரவுட் மீனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஃபிளை ஃபிஷிங் கோல் வாங்கினேன். 9 அடி, 8ஆம் எண். ‘எல்லாத்துக்கும் ஆகும் சார்’ என்றார் கடைக்காரர். மொட்டைமாடியில் பழகி இப்போது 50 அடி வீசுகிறேன். சின்ன ஓடையில் ஒரு நாள் மீன்பிடிக்க இது போதுமா?

பிரபு, வேளச்சேரி

அன்புள்ள பிரபு,

அது முகத்துவாரத்தில் கொடுவா பிடிக்கிற கோல். ஃபிளை என்பது முள்ளில் கட்டிய பொய்ப்பூச்சி, அதற்கு எடை கிடையாது என்றே சொல்லலாம். லைனின், அதாவது தடித்த வீச்சு நூலின், எடைதான் அதைக் கொண்டுபோகிறது. கோலின் எண் அது வீசக்கூடிய லைனின் எடையைக் குறிக்கும். 8ஆம் எண் லைனில் முதல் 30 அடி ஏறக்குறைய 13.6 கிராம், 3ஆம் எண்ணில் 6.5 கிராம். ஓடையில் நீங்கள் வீசப்போவது 15 அடி, மிஞ்சினால் 25. அதிலும் லைனையும் ஃபிளையையும் இணைக்கும் மெல்லிய நூலான லீடரே 7½ அடி. மிச்சமுள்ள துண்டு லைனுக்கு உங்கள் கோல் வளைந்தே கொடுக்காது. அப்படியே வீசினாலும் தடித்த லைன் தண்ணீரில் அறைந்து, மீன்களெல்லாம் பாறைக்கடியில் போய்விடும். 7 அல்லது 7½ அடியில் 3ஆம் எண் கோல் பாருங்கள்.

மொட்டைமாடியை விடுங்கள். சிமென்ட் தரை லைனின் மேல்பூச்சைத் தேய்த்துவிடும். பிறகு லைன் நுனி மிதக்காது. பூங்காப் புல்தரையில், கடல்காற்று கிளம்புமுன் காலையில் பழகுங்கள். மின்கம்பி பக்கம் வேண்டவே வேண்டாம், கிராஃபைட் கோலில் மின்சாரம் பாயும். முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துணுக்கைக் கட்டி, 20 அடியில் ஒரு தட்டை வைத்து அதில் விழவையுங்கள். பின்னால் போகும் லைன் முழுக்க நீளுமுன் முன்னால் இழுத்தால் சாட்டை சொடுக்குவதுபோல் சத்தம் வரும். நிஜத்தில் அப்போது ஃபிளை அறுந்து போயிருக்கும்.

ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். ஆகவே கீழிருந்து மேல்நோக்கி, குனிந்து, நிழல் தண்ணீரில் விழாமல் போக வேண்டும். வீச்சு சரியாக விழுந்தும் மீன் கடிக்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபிளையை அல்ல, நீரோட்டம் லைனை இழுப்பதால் வரும் இழுவையை. நடு ஓட்டம் வேகம், ஓரம் மந்தம். குறுக்கே கிடக்கும் லைனை வேக நீர் வளைத்து இழுக்க, ஃபிளை பின்னால் சின்ன ‘வி’ கோடு போட்டுக்கொண்டு ஓடும். நிஜப் பூச்சி அப்படிப் போகாது என்று மீனுக்குத் தெரியும். கோல் நுனியை உயர்த்தி, லைனைத் தண்ணீரில் படவிடாமல் லீடரை மட்டும் கிடத்துங்கள். மூன்று நான்கு அடி இழுவையில்லாமல் மிதந்தாலே போதும், பேராசை வேண்டாம்.

14 அல்லது 16ஆம் அளவு ஃபிளைக்கு 5எக்ஸ் டிப்பெட் (லீடரின் மெல்லிய கடைசித் துண்டு) சரி. அது 0.15 மி.மீ. தடிமன்தான், கடித்ததும் வெடுக்கென்று இழுக்காமல் கோல் நுனியைத் தூக்கினால் போதும். ஃபிளையைக் கட்டும் கிளிஞ்ச் முடிச்சை ஐந்து சுற்றுப் போட்டு, எச்சிலில் நனைத்து இறுக்குங்கள். மீன் தப்பினால் நூல் முனையைப் பாருங்கள்: சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது, நேராக இருந்தால் நூல் அறுந்திருக்கிறது.

தெர்மாமீட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த மீனைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம்.

நீலகிரியில் இந்த மீன் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. 1907இல் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் வந்தது. ஆனால் இன்று நல்ல ஓடைகள் பலவும் முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ளும் காப்புக்காடுகளிலும் இருக்கின்றன. எந்த ஓடை, எந்த மாதம் என்பதை வனத்துறையிடமும் மீன்வளத் துறையிடமும் கேட்டு, அனுமதி எழுத்தில் கைக்கு வந்தபிறகு ஊட்டிக்கு டிக்கெட் போடுங்கள்.