மகனை ஓசூருக்கு அனுப்பலாமா?

பரமக்குடியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த மகனுக்கு ஓசூரில் டிரெய்னி வேலை கிடைத்திருக்கிறது. "பீகார், ஒடிசாக்காரர்களே அங்கே வந்து குவிகிறார்கள், இவனுக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியைப் பல பெற்றோர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

வேலை என்பது எண்ணி வைத்த பானைச் சோறு இல்லை அம்மா. ஓசூரில் 1970களில் சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. மெஷின் பழகிய ஆட்கள் அங்கேயே கிடைத்ததால் அடுத்தடுத்து கம்பெனிகளும் வந்தன. 2001 கணக்கெடுப்பில் சுமார் 84,000 பேர் இருந்த ஊர், 2019இல் மாநகராட்சியே ஆகிவிட்டது. விடியற்காலையில் அங்கே போய் நின்று பாருங்கள். டிபன் பையோடு பையன்கள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். பக்கத்துத் தள்ளுவண்டியில் இட்லி ஆவி பறக்கும். அந்தப் பையன்கள் வந்ததால்தான் அந்த இட்லி வியாபாரம், ரூம் வாடகை, ஆட்டோ சவாரி எல்லாம்.

ஆனால் உங்கள் பயத்தில் நியாயமும் இருக்கிறது. லோடிங், பேக்கிங், ஹெல்பர் வேலைக்கு யாரும் வரலாம். ஆள் பெருகப் பெருக அங்கே கூலி ஏறுவது கஷ்டம். கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷினில் செட்டிங் போடவோ, பழுது பார்க்கவோ தெரிந்தவரின் நிலை வேறு. அதனால் சேரும் முன்பே கேட்கச் சொல்லுங்கள்: எந்தப் பிரிவில் போடுவார்கள், கம்பெனியே நேரடியாக எடுக்கும் வேலையா கான்ட்ராக்டா, பி.எஃப். பிடிப்பார்களா, டிரெய்னிங் முடிந்ததும் என்ன? ஒரு வருஷம் முழுக்கப் பெட்டி அடுக்கத்தான் விடுவார்கள் என்றால் வேண்டாம், வேறு இடம் பார்க்கலாம்.

கண்காணாத ஊர் என்று கலங்காதீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் தூத்துக்குடியிலேயே 2025இல் மின்சாரக் கார் ஆலை திறந்துவிட்டார்கள். மூன்று வருஷ அனுபவத்தோடு அந்தப் பக்கம் விண்ணப்பித்தால் அவன் பேச்சுக்கே தனி மதிப்பு இருக்கும்.

அப்புறம் ஒன்று. ரூம் அட்வான்ஸுக்கும், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாட்டுக்கும் கையில் பணம் கொடுத்தனுப்புங்கள். சான்றிதழ்களின் ஒரிஜினலை யார் கேட்டாலும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். நகலை மட்டும் கொடுத்தால் போதும்.