காய்ச்சலோடு கோலா நிறத்தில் சிறுநீர் போனால்...

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. போன மாதம் சளி, காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் தொடை வலி என்று அழுதான். எழுந்து நிற்கவே இல்லை. சிறுநீர் கோலா நிறத்தில் போனது. ரத்தத்தில் சி.கே. 84,000 என்று ஐ.சி.யு.வில் வைத்துக் காப்பாற்றினார்கள். சென்ற ஆண்டும் இப்படி ஒருமுறை வந்தது. இப்போது ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். வைரஸ் காய்ச்சலுக்கு எதற்கு ஜீன் டெஸ்ட்? நான் அத்தை மகனைத் திருமணம் செய்தவள்.
- வாசகி, திருச்சி

பதில்: ஃப்ளூவுக்குப் பிறகு கெண்டைக்கால் வலித்து, பிள்ளைகள் நுனிக்காலில் நடப்பதுண்டு. சில நாளில் தானாகச் சரியாகிவிடும். உங்கள் மகனுக்கு வந்தது அதுவல்ல அம்மா. சி.கே. என்பது தசை உடைந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு நொதி. சாதாரணமாக 200-ஐ ஒட்டித்தான் இருக்கும். அது 84,000 ஆனதையும், இரண்டு முறை வந்ததையும் சேர்த்துப் பார்த்தால், தசையிலேயே பிறவிக் குறை இருக்குமோ என்று சந்தேகிக்கத்தான் வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு இவ்வளவு கடுமையாக வந்தால் முதலில் தேடுவது, கொழுப்பைக் கையாள உதவும் லிபின்1 என்ற புரதத்தின் குறைபாட்டை. சிபிடி2 என்ற நொதியின் குறைபாடு இன்னொன்று. அதில் தசையால் கொழுப்பை எரிக்க முடியாது. காய்ச்சலில் பிள்ளை சாப்பிடாமல் கிடக்கும்போது உடம்பு கொழுப்பைத்தான் நம்பியிருக்கிறது. எரிபொருள் கிடைக்காத தசைச் செல்கள் உடைகின்றன. அதிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற தசைப் புரதம்தான் அந்தக் கோலா நிறம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கூடவே வெளியேறும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடலாம். (சிறுநீரின் ஸ்ட்ரிப் சோதனை இந்த மயோகுளோபினையும் ரத்தம் என்று காட்டும், மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு இருக்காது. சிறுநீர்த் தொற்று என்று மருந்து கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது.)

இடைப்பட்ட நாட்களில் பிள்ளை ஓடியாடுவான், சி.கே.கூட சரியாக இருக்கலாம். அதனால்தான் ஜீன் டெஸ்ட்.

நம் வீடுகளில் காய்ச்சல் என்றாலே 'லங்கணம் பரம ஔஷதம்', அதாவது பட்டினியே சிறந்த மருந்து என்பார்கள். இவன் விஷயத்தில் அதை மறந்துவிடுங்கள். ரிசல்ட் வரும்வரையிலும் கூட, காய்ச்சல் அடித்தால் சர்க்கரை போட்ட கஞ்சியோ குளுக்கோஸ் தண்ணீரோ அடிக்கடி கொடுங்கள். இரவிலும் எழுப்பிக் கொடுங்கள். வாந்தி எடுத்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, சிறுநீர் கறுக்கும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) டிரிப், சி.கே., பொட்டாசியம், இ.சி.ஜி. உடனே வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிப் பையில் வைத்திருங்கள். நள்ளிரவு டூட்டி டாக்டருக்கு இந்த நோய் புதிதாக இருக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், ஐபுபுரோஃபென் வேண்டாம். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுங்கள்.

இந்த இரண்டு குறைபாடுகளும் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஜீனின் பழுதான பிரதி வந்தால்தான் தோன்றும். சொந்தத்தில் மணந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். யார் மேலும் குற்றமில்லை. ஜீன் டெஸ்டில் உறுதியானால் ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு இந்த நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. அவனுக்குத் தம்பி, தங்கை இருந்தால், அவர்களுக்கு முதல் காய்ச்சல் வரும் முன்பே பரிசோதித்துவிடுங்கள்.